கூடப் படிச்சவங்க போன செய்தி உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அண்ணாமலைநகர் 63–68:

ஏழு மாசமா மனசுக்குள்ளயே கெடக்கு. இங்க எழுதினாலாவது கொஞ்சம் இறங்குமான்னு பார்க்கறேன்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்ச எங்க செட்டைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டாம். ஒரு வருஷ பி.யு.சி. முடிச்சு அஞ்சு வருஷ இன்ஜினியரிங். 1965 ஜனவரி 27 அன்னிக்கு இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துல மாணவன் ராஜேந்திரன் போலீசால சுடப்பட்டுச் செத்தப்ப ரெண்டாம் வருஷத்துல இருந்தவங்க. ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னதும் என்னைத் தனியா ஊருக்கு அனுப்ப மனசில்லாம தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான் ஒருத்தன். அவனைப் பத்தித்தான் எழுதறேன். எங்களுக்கு ஊர்ப் பேரே ஆள் பேர், அவன் 'மாயவரம்'. அவங்க அம்மா கையால மூணு வாரம் சாப்பிட்டிருக்கேன்.

அவன் நெய்வேலிக்குப் போனான், நான் மின்வாரியத்துக்கு. எனக்கு 58-ல ரிட்டயர்மென்ட், அவனுக்கு 60. ரிட்டயர் ஆனதும் அப்பா கட்டின வீட்டுக்கே திரும்பிட்டான். தினமும் காலைல அஞ்சரைக்கு அவனுக்குத் தனியா ஒரு வாட்ஸ்அப் அனுப்புவேன், குரூப்ல இல்ல. "நம்ம 'தொப்பி'யோட சைக்கிள் கான்சாகிப் வாய்க்கால்ல விழுந்தது மூணாம் வருஷமா, நாலாம் வருஷமா?" இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு. முன்னல்லாம் ரெண்டு வரி எழுதுவான். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் எழுதறதை விட்டுட்டுக் கைகூப்பின படம் மட்டும் போடுவான். ஆறு மணிக்குள்ள வந்துடும். அது வந்தாத்தான் நான் காபியே குடிப்பேன்.

ஜூன் 1 அன்னிக்கு வாழ்த்து சொல்லப் போன் பண்ணேன். பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப வாத்தியார் போட்ட தேதி, எங்க செட்டுல பாதிப் பேருக்கு அதுதான் பிறந்த நாள். அவன் வீட்டம்மா எடுத்தாங்க.

"அவர் போய் அஞ்சு மாசம் ஆச்சுங்க. மார்கழியில."

எனக்குப் புரியல. இன்னிக்குக் காலைலகூட கைகூப்பு வந்துச்சே அம்மான்னேன்.

"நான்தான் போடறேன். பதில் வரலைன்னா அவன் பதறிடுவான்னு அவர் சொல்லிட்டே இருப்பார். எப்படி நிறுத்தறதுன்னு தெரியலைங்க."

அதுக்கு நான் "சரிங்க"ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன். எப்படிப் போனான், யார் கூட இருந்தாங்க, நீங்க சாப்பிடறீங்களா, ஒண்ணும் கேக்கல. அந்த "சரிங்க"தான் உறுத்துது. அதுக்கப்புறம் நானும் அனுப்பல, அங்கேயிருந்தும் வரல. தலைத்திவசம்கூட முடிஞ்சிருக்கும்.

உங்களுக்கெல்லாம் எப்படி வந்தது செய்தி?


தடாகம் ரோடு:

ஐயா, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா செஞ்சது தப்புங்க. ஒரு வரி சொல்லியிருக்கோணும். இத்தனை வருஷம் பழகினவனுக்குக் கடைசியா மொகம் பாக்கற உரிமை இல்லீங்களா?

நான் கோயமுத்தூர் ஜி.சி.டி. இன்ஜினியரிங் காலேஜ், 67-ல முடிச்சவன். எங்களுக்கு முன்ன படிச்சவங்க இன்னும் பழைய பேரு வெச்சு ஆர்தர் ஹோப் காலேஜ்னுதான் சொல்லுவாங்க. என்ற ரூம்மேட்டை நாலு வருஷம் 'பண்டாரம்'னுதான் கூப்பிட்டோம். அவனுக்கு ஒரு நல்ல பேரு இருந்ததே அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப மட்டுந்தான். பொதுப்பணித் துறையில இருந்தான், தெரியும். அப்பறம் எங்க போனான்னு தெரியாது.

போன சித்திரையில மாடியில வடகம் போட்டோம். பழைய பேப்பரு விரிச்சு, அது மேல துணி போட்டு, மாவு பிழிஞ்சாச்சு. துணியோரம் வழிஞ்ச மாவு பேப்பர்ல ஒட்டிக் காஞ்சு போச்சு. சாயங்காலம் நான் உக்காந்து சுரண்டிட்டிருக்கறேன். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் ஒண்ணு. வழுக்கைத் தலை, கண்ணாடி, யாரோ பெரியவரு. மாவு பாதி மூஞ்சிய மறைச்சிருந்துச்சு. பேர் படிச்சேன், ஒண்ணும் தோணல. ஊர் பேர் படிச்சேன். அப்பறம் நகத்துல மெதுவா மாவைப் பேத்தேன். காதுங்க. அந்தக் காது வேற யாருக்கும் கெடையாது, அதை வெச்சு நாலு வருஷம் கிண்டல் பண்ணியிருக்கறேன்.

தேதி பாத்தேன், நாப்பது நாள் ஆயிருந்துச்சு. அந்தப் பேப்பரு என்ற வீட்டுக்குத்தான் வந்திருக்குது. அன்னிக்குக் காலைலயே நான் படிச்சிருக்கறேன். அந்தப் பக்கத்தைப் பாத்துப் புரட்டியிருக்கறேன். பேர் தெரியாததுனால தாண்டிப் போயிட்டேன்.

இப்ப எங்க ஆளுங்க லிஸ்ட்டுல ஒவ்வொருத்தனுக்கும் பட்டப் பேருக்குப் பக்கத்துல சொந்தப் பேரும் இனிஷியலும் எழுதிட்டு வர்றேன். ஒன்பது பேரோட நெஜப் பேரு இன்னும் கெடைக்கல.


டிரங்க் ஆபரேட்டர், மதுரை:

தடாகம் ரோடு அண்ணே, அந்த அம்மாவைத் தப்புன்னு சொல்லாதீங்க. நான் முப்பத்தெட்டு வருசம் டெலிபோன்ஸ்ல இருந்தவ. வெளியூருக்கு நேரா டயல் பண்ற எஸ்.டி.டி. பரவலா வர்றதுக்கு முன்னாடி சாவுச் சேதி எல்லாம் எங்க காது வழியாத்தான் போகும். ரொம்ப அவசரம்னு லைட்னிங் கால் புக் பண்ணா கட்டணம் பல மடங்கு, அதுக்குக் காசு கட்டுறாங்கன்னாலே எங்களுக்கு விசயம் தெரிஞ்சுரும். லைன் கிடைச்சப்பறம் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ"ன்னு கத்துவாங்க. இந்தப் பக்கம் பேச்சே வராது. மூணு நிமிசமும் அப்படியே ஓடிப் போன கால்களை எத்தனையோ பார்த்திருக்கேன். சொல்றது அவ்வளவு லேசு இல்லண்ணே. அந்த அம்மா அவங்களுக்கு முடிஞ்சதைச் செஞ்சிருக்காங்க.

என் கதை. டோக் பெருமாட்டி கல்லூரி, வேதியியல், 1971. ஆம்பளைங்களுக்காவது பேர் மாறாது. எங்களுக்குக் கல்யாணம் ஆனா இனிஷியல் மாறும், ஊர் மாறும், கல்லூரி ரிஜிஸ்தர்ல இருக்கற பேரை வெச்சு யாரையும் தேட முடியாது. முப்பத்தஞ்சு பேர்ல எனக்குத் தொடர்புல இருந்தது நாலே பேர்.

2018 நவம்பர். எங்களை மாதிரி மத்திய அரசு பென்சன்காரங்க எல்லாம் உயிர்ச் சான்று கொடுக்கற மாசம். பேங்க்ல உக்கார இடமில்ல. எனக்கு முன்னாடி ஒரு அம்மா ரேகை வைக்கறாங்க, மிசின் எடுக்கல. துடைச்சு வைங்கங்கறார் அந்தத் தம்பி. வச்சாங்க. எடுக்கல. அடுத்த விரலை வைங்கம்மான்னார். அப்பத்தான் நான் அந்த வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நுனியில இருந்து ரெண்டாவது கணு வரைக்கும் குறுக்கா ஒரு தழும்பு. ரெண்டாம் வருசம் லேப்ல பியூரெட் உடைஞ்சு அவ விரலைக் கிழிச்சப்ப, என் தாவணியைக் கிழிச்சுக் கட்டினவ நான். பக்கவாட்டுல மூஞ்சியைப் பார்த்தேன். அவதான்.

குடும்ப ஓய்வூதியப் படிவம் கையில இருந்துச்சு. நெத்தியில பொட்டு இல்ல. ரேகை எடுக்க மாட்டேங்குதேன்னு கண்ணு கலங்கி நிக்கறா. இந்த நேரத்துல போய்த் தோளைத் தொட வேணாம், முடிச்சுட்டு வரட்டும்னு நினைச்சேன். அதுக்குள்ள எனக்கு ஆதார் நகல் ஒண்ணு வேணும்னாங்க. எதிர்க்கடைக்குப் போய் எடுத்துட்டு வர்றேன், நாற்காலி காலி. வாசல்ல ஓடிப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாளோ.

பேங்க்ல நம்பர் கேட்டேன், தர முடியாதுன்னுட்டாங்க. அது சரிதான். அடுத்த நவம்பர் அதே தேதிக்குக் காலைல பத்து மணியிலிருந்து உக்காந்திருந்தேன். அதுக்கடுத்த வருசம் கொரோனா. 2021-ல செல்போன்லயே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கலாம்னு வந்துருச்சு. ரேகை அழிஞ்சவங்களுக்கு நல்ல ஏற்பாடு. அவ விரலுக்கு அதுதான் தோது. வீட்டுலயே பேரப் பிள்ளைங்க எடுத்துக் கொடுத்துருவாங்க. இனி அவ பேங்குக்கு வர வேண்டிய வேலையே இல்ல. நான் மட்டும் இன்னும் நேர்லதான் போறேன்.

சத்தம் போட்டு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். வேலை பூரா அடுத்தவங்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவ.


கணக்கு அலுவலர் (ஓய்வு):

அனைவருக்கும் வணக்கம். என் வகுப்புத் தோழர் ஒருவர் 2016-இல் காலமானார். செய்தி எனக்கு மறுநாளே வந்தது, போய்ப் பார்த்தேன். ஆனால் பதினாறாம் நாள் அவர் மனைவி ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்து என் முன்னால் கொட்டி, "இதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பாருங்கள் அண்ணா" என்றார். ரேஷன் கார்டிலிருந்து 1968 ஹால் டிக்கெட் வரை இருந்தது. ஓய்வூதிய ஆணை மட்டும் இல்லை. மூன்று மாதம் அலைந்தோம். இத்தனைக்கும் அவர் கணக்குத் துறைக்காரர்.

ஆகவே இங்கே உள்ள நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நம் காலத்தில் பெயரை ஒரு எழுத்து மாற்றி எழுதுவது சாதாரணம், பின்னால் அந்த ஒரு எழுத்துக்காக வாக்குமூலம், வட்டாட்சியர் என்று போக வேண்டியிருக்கும். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக வைத்திருங்கள். மத்திய அரசு ஓய்வூதியருக்கு அதே கணக்கிலேயே குடும்ப ஓய்வூதியம் தொடர வழி இருக்கிறது, புதிதாகக் கணக்குத் திறக்க அலைய வேண்டாம்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், மேல் அனுமதி என்று நீளும். சான்றிதழை ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக வாங்குங்கள். வங்கிக்கு உடனே சொல்லுங்கள். இறந்த மாதத்துக்குப் பிறகும் கணக்கில் விழுந்த ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுத்துச் செலவழித்துவிட்டு, பிறகு திருப்பிக் கட்டத் திணறிய குடும்பங்களை நான் பணியிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாமினி என்று பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று பலரும் நம்புகிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. அவர் வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். எனவே உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து இருந்தாலும் செல்லும். திருமணமாகாத, விதவையான, விவாகரத்தான மகள் உங்களைச் சார்ந்திருந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் அவருக்கும் வழி உண்டு, அதை உயிரோடிருக்கும்போதே அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். 80 வயது நிறைந்தவுடன் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும், 85-இல் 30, 90-இல் 40. நம்மில் பலர் இப்போது அந்த வாசலில் நிற்கிறோம். ஜூன் 1 என்று வாத்தியார் போட்ட தேதிதான் அங்கே கணக்கு.

இன்னொன்று. பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். "எனக்கு ஏதாவது ஆனால் இவர்களுக்குச் சொல்லவும்" என்று பத்துப் பெயர், பத்து எண். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் தோழர்களைத் தெரியாது. உங்கள் போன் பூட்டியிருக்கும். அண்ணாமலைநகர் ஐயாவின் நண்பர் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால் அந்த அம்மாவுக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது.


உருக்காலை டவுன்ஷிப்:

கணக்கு அலுவலர் சார், உங்க யோசனை எல்லாம் நல்லதுதான். ஆனா தாள்ல எழுதின பட்டியலை நான் நம்பறதில்ல. ஏன்னு சொல்றேன்.

எங்க செட்டோட முகவரி நோட்டு என்கிட்டதான் இருக்கு. எனக்கு முன்னால வேற ஒருத்தர் வெச்சிருந்தார், அவருக்கு முன்னால இன்னொருத்தர். 2019-ல பொன்விழா. எல்லாருக்கும் 72, 73 வயசு. காலைல முதல் நிகழ்ச்சியே மறைந்த தோழர்களுக்கு மௌன அஞ்சலி. நோட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்து மைக்ல நான்தான் வாசிச்சேன். ஒவ்வொரு பேருக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்தி, நிதானமா வாசிச்சேன். இருபத்திரண்டு பேர். பதினேழாவது பேர் வாசிச்சப்ப பின்வரிசையில ஒருத்தர் சத்தமா அழுதார், நல்லா ஞாபகம் இருக்கு.

பொன்விழா படங்களை யாரோ ஃபேஸ்புக்ல போட்டாங்க. மேடையில வெச்சிருந்த, மறைந்தவங்க பேர்ப் பலகையும் அதுல தெரியுது. மூணாம் நாள் எனக்குச் சத்தீஸ்கர்ல இருந்து போன். "நான் பதினேழாம் நம்பர் பேசறேன்"ன்னான்.

பிலாய் உருக்காலையில சேர்ந்தவன், அங்கேயே ரிட்டயர் ஆனவன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி மகன் வீட்டுக்கு, துர்க் பக்கம் போயிட்டான். பழைய விலாசத்துக்கு அனுப்பின கடிதம் திரும்பி வந்திருக்கு. அப்ப நோட்டு வெச்சிருந்தவர் அந்தப் பேருக்கு எதிர்ல 'இல்லை'ன்னு எழுதியிருக்கார். அந்த விலாசத்துல இல்லைன்னு அர்த்தம். அடுத்து நோட்டு கைமாறினப்ப அந்த 'இல்லை' வேற 'இல்லை' ஆயிடுச்சு. நான் அதைப் பார்த்து, அவனுக்காக ரெண்டு நிமிஷம் எழுந்து நிக்கச் சொல்லிட்டேன்.

போன்ல நான் அழுதேன். அவன் திட்டவே இல்ல. "என் பேர் வாசிச்சப்ப யார் அழுதா?"ன்னு கேட்டான். சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அவன் என்னோட பேசாம நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சே"ன்னான்.

ரெண்டு பேருக்கும் நம்பரை நான்தான் மாத்திக் கொடுத்தேன். பேசிக்கிட்டாங்களான்னு தெரியல. பின்வரிசையில அழுதவர் 2021 மே மாசம் போயிட்டார். பதினேழாம் நம்பர் இருக்கான். நான் இன்னும் கேக்கல.


ஸ்கார்பரோ:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை, பேராதனைப் பல்கலைக்கழகம், பொறியியல் பீடம், 69ஆம் ஆண்டு சேர்ந்தனான். தமிழ்ப் பொடியளிட்டைக் கூடின புள்ளி கேட்ட தரப்படுத்தல் வர முதல் பல்கலைக்கழகம் போன கடைசிப் பொடியளில நாங்களும். அக்பர் பாலத்தால மகாவலியைக் கடந்து விரிவுரைக்குப் போறதும் வாறதும், பின்னேரத்தில ஹந்தானைப் பக்கம் மூட்டம் இறங்குறதும் பார்த்தவைக்கு நான் சொல்லத் தேவையில்ல.

நீங்கள் எல்லாம் ஒரே நாட்டில இருந்தும் செய்தி பிந்தி வருகுது எண்டு கவலைப்படுறியள். எங்கட ஆக்கள் 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சிட்னி, லண்டன், ஒஸ்லோ, இங்க கனடா எண்டு சிதறிப் போச்சினம். ஒருத்தன் மட்டும் வெளிக்கிடவே இல்ல. கொழும்பிலயே இருந்து, மின்சார சபையில வேலை செய்து, அங்கயே ஓய்வும் எடுத்தவன். எங்கள் எல்லாருக்கும் தபால் கந்தோர் மாதிரி அவன்தான். ஆற்றை பிள்ளைக்குக் கலியாணம், ஆற்றை தாய் செத்துப் போனா, எல்லாம் அவனுக்குச் சொன்னால் காணும், மற்றவைக்குப் போயிடும்.

2021இல அவன் செத்தான். அந்தச் செய்தியைச் சொல்லுறதுக்கு அவன் இல்ல. நாலு நாளா ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு மகள் அவன்ர கைபேசியில இருந்த எல்லா நம்பருக்கும் ஒரு லிங்க் அனுப்பினா. செத்தவீட்டைக் கணினியில பாக்கலாம் எண்டு.

கொழும்பில காலமை பத்து மணி, எனக்கு இரவு பன்னிரண்டரை. மனுசி படுத்திட்டா. நான் வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில இருந்தன். திரையில பதினாலு பெட்டி, பதினாலு கிழவர். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நாப்பது வருசம், ஆனால் ஒருத்தரும் கதைக்கேல்ல. தேவாரம் படிச்சினம். வாய்க்கரிசி போட்டினம். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போச்சினம். கொரோனாக் கட்டுப்பாடு எண்டபடியால் பத்துப் பேர்கூட இல்ல, எல்லாரும் சுடலைக்கு வெளிக்கிட்டிட்டினம். கமராவை நிப்பாட்ட மறந்து போச்சினம்.

வெறும் விறாந்தை. ரெண்டு பிளாஸ்டிக் கதிரை. ஒரு குத்துவிளக்கு. ஒருத்தரும் லிங்கை விட்டுப் போகேல்ல. பதினாலு பெட்டியும் அப்பிடியே. அப்பதான் காகம் கத்திச்சுது. கொழும்புக் காகம், கூட்டமா, சோத்துக்கு அடிபடுற அந்தச் சத்தம். முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு கேட்டனான். ஒஸ்லோக்காரன் கண்ணாடியைக் கழட்டினான். சிட்னிக்காரன் எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்பவும் இருந்தான். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட அப்பிடியே இருந்தம், ஆரோ வந்து நிப்பாட்டுமட்டும்.

அதுக்குப் பிறகு ஒரு குரூப் துவங்குவம் எண்டு எல்லாரும் சொன்னம். இன்னும் துவங்கேல்ல. ஆர் துவங்குறது? அது அவன்ர வேலை.


எம்.எம்.சி. 66:

சின்ன விஷயம்தான்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் என் கிளாஸ்மேட், பெரிய பிசிஷியன். மறதி நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் பிள்ளைகள் யாரையும் பார்க்க விடுவதில்லை. நான் இரண்டு முறை கேட்டு மறுத்துவிட்டார்கள், மூன்றாவது முறை சொல்லாமலே போய் வாசலில் நின்றேன். மருமகள் உள்ளே விட்டாள்.

என்னை யாரென்று தெரியவில்லை. பேர் சொன்னேன், ஊர் சொன்னேன், அனாடமி ஹாலில் மயங்கி விழுந்ததைச் சொன்னேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கை கொடுத்தேன். கையை வாங்கியவர் அப்படியே மணிக்கட்டுக்கு நகர்ந்து மூன்று விரலை வைத்தார். சரியாக நாடி துடிக்கும் ரேடியல் ஆர்ட்டரி மேல். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, எண்ணினார். நானும் அசையாமல் நின்றேன். முழு நிமிடம்.

"ஒண்ணு விட்டு விட்டு வருது. யார்கிட்டயாவது காட்டுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஈ.சி.ஜி. எடுத்தேன். அவர் சொன்னது சரி.


தடாகம் ரோடு:

டாக்டர், மன்னிக்கோணும், இதையும் சொல்லிப்போடறேன். புள்ளைங்க வேண்டாம்னா வேண்டாந்தானுங்க. அவிய படற பாடு நமக்குத் தெரியாது. ராத்திரி முழிச்சிட்டிருக்கறது அவிய. நாம ஒரு மணி நேரம் பாத்துட்டு வந்தர்றோம்.


டிரங்க் ஆபரேட்டர், மதுரை:

அண்ணே, மேல கடைசியா முகம் பார்க்கற உரிமை இருக்குன்னு எழுதினதும் நீங்கதானே? உசிரோட இருக்கறப்பப் பார்க்க உரிமை இல்லையா?


தடாகம் ரோடு:

நாயந்தான். நானே யோசிக்கோணும்.


அண்ணாமலைநகர் 63–68:

எல்லாத்தையும் படிச்சேன். உருக்காலை எழுதின 'இல்லை'யை மூணு தடவை படிச்சேன். கணக்கு அலுவலர் சொன்ன தாளை ஒட்டிட்டேன், பத்து நம்பருக்கு இடம் விட்டு எழுத உக்காந்தா ஆறுதான் வந்துச்சு.

போன வியாழக்கிழமை மாயவரம் போனேன். போன்ல சொல்லிட்டுத்தான் போனேன். சிதம்பரத்துல பஸ் நின்னப்ப இறங்கி ராஜேந்திரன் சிலை வரைக்கும் போய்ட்டு வரலாமான்னு தோணுச்சு, முழங்கால் ஒத்துழைக்கல.

அதே வீடு, அதே திண்ணை. பின்கட்டை மட்டும் இடிச்சு மாத்திக் கட்டியிருக்காங்க. அந்தம்மாவை அவன் கல்யாணத்துல பார்த்தது, அப்புறம் ரெண்டு தடவையோ மூணு தடவையோ. கூடத்துல படம் மாட்டியிருந்துச்சு. ரிட்டயர்மென்ட் அன்னிக்கு எடுத்தது, மாலையோட. அன்னிக்குப் போன்ல ஒரு வார்த்தையும் கேக்காம வெச்சுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னேன். அவங்க அதைக் காதுலயே வாங்கல. உள்ள போய் அவன் போனை எடுத்துட்டு வந்தாங்க. சார்ஜ் போட்டு வெச்சிருக்காங்க. மாசாமாசம் ரீசார்ஜும் பண்றாங்க.

எப்படிப் போனான்னு கேட்டேன். விடியக்காலம் எழுந்து போனை எடுத்து என் செய்தியைப் படிச்சிருக்கான். சிரிச்சுக்கிட்டே, "இவனுக்கு வேற வேலையே இல்ல"ன்னு சொல்லிட்டு, காபிக்கு முன்ன கொஞ்சம் படுக்கறேன்னு படுத்தவன்தான். அன்னிக்கு நான் என்ன அனுப்பினேன்னு அந்தப் போன்லயே காட்டினாங்க. 65-ல அவங்க வீட்டுல இருந்தப்ப அவங்க அம்மா ராத்திரிக்கு ராத்திரி ஒரு துவையல் அரைப்பாங்களே, அது பிரண்டையா, கொள்ளான்னு கேட்டிருக்கேன். அதுக்குக் கீழ முதல் கைகூப்பு, காலை ஏழே முக்காலுக்கு. மத்த நாளெல்லாம் ஆறு மணிக்குள்ள வர்றது, அன்னிக்கு மட்டும் ஏழே முக்கால். எனக்கு அது தோணவே இல்ல.

"பிரண்டைங்க. அத்தை எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க"ன்னாங்க.

அப்புறம் அவங்க ஒண்ணு கேட்டாங்க. அஞ்சு மாசம் நான் அனுப்பினதையெல்லாம் தினமும் படிச்சிருக்காங்க. அதுக்கு முந்தினதையும் மேல தள்ளித் தள்ளிப் படிச்சிருக்காங்க. "இந்தத் தொப்பி யாருங்க? சைக்கிள் எப்படி வாய்க்கால்ல விழுந்துச்சு? இவர் என்கிட்ட காலேஜ் கதையே சொன்னதில்லைங்க. வேலைக்குப் போவார், வருவார், பேப்பர் படிப்பார். இவ்வளவு சேட்டை பண்ணியிருக்காரா?"

தொப்பியில ஆரம்பிச்சேன். நடுவுல சாப்பாடு போட்டாங்க, பிரண்டைத் துவையல் இருந்துச்சு. மெஸ் வார்டன் கதை, ஊர்வலத்துல இவன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடினது, அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தது, அவன் நெய்வேலி இன்டர்வியூவுக்கு என் செருப்பைப் போட்டுட்டுப் போனது. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தி வந்து வாசப்படியில உக்காந்து கேட்டுட்டிருந்தா. மூணு மணி பஸ்ஸை விட்டேன். அஞ்சு மணி பஸ்ஸும் போயிடுச்சு.